பெஞ்சுக்கு அடியில் விட்டுவந்த ஷூ

1

நாற்பத்தேழு வயதில் நான் மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். முழுதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. வகுப்பறைக்கு வெளியே, நடைவழியில், பிள்ளைகள் கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே இருக்கும் பெஞ்சில் உட்கார அனுமதி கிடைத்தது. ஆறு வயதுக்காரர்களுக்குச் செய்த பெஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடிக்கும். தலைக்கு மேல் யாராவது ஒரு பிள்ளையின் ஈரக் குல்லா சொட்டிக்கொண்டிருக்கும்.

ஊரில் என்னைப் பற்றி, "அவன் ஜெர்மனியில பெரிய மிஷின் கம்பெனியில இருக்கான்" என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. யாரும் அவர்களைத் திருத்த வேண்டாம். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரை நான் எங்கே இருந்தேன் என்பது இந்தக் குறிப்போடு நிற்கட்டும்.

இரண்டாவது வாரம் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் முன்னால் நின்று, "நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள்?" என்று கேட்டாள். அந்தப் பள்ளியில் சேட்டை செய்கிறவர்களைத்தான் அந்தப் பெஞ்சில் உட்கார வைப்பார்களாம். அதுவரை நான் பெரிதாக ஒன்றும் செய்திருக்கவில்லை. அதற்கப்புறம்தான் செய்தேன்.

2

கயல் என் ஒரே மகள். ஏழு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. இந்த வாக்கியத்தை இப்படிச் சுருக்கமாக எழுத எனக்கு மூன்று வருடம் பிடித்தது. அதற்கு முன்பெல்லாம் "கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். பேச்சு குறைவு. கணக்கை ஜெர்மனில் போடுவாள், கோபத்தைத் தமிழில் காட்டுவாள். தமிழில் ஏதாவது கேட்டால் இப்போதெல்லாம் "நைன்" என்று பதில் வருகிறது. இல்லை என்று அர்த்தம். தமிழிலும் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

என் மனைவி செல்வி ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கயல் போன பாலர் பள்ளி அதற்கு அடுத்த கட்டடம். ஜன்னலில் நின்றால் அம்மா தெரிவாள். அதனால் அங்கே பிரச்சினை இல்லை. அதைப் பழகிவிட்டாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஒன்றாம் வகுப்பு ஜன்னலில் ஒரு தோட்டமும் மூன்று நிறக் குப்பைத்தொட்டிகளும்தான் தெரிந்தன. முதல் நாள் அவளை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு நான் எழுந்தேன், அவளும் எழுந்தாள். நான் வாசலைத் தாண்டினேன். அதற்கப்புறம் நடந்ததை அழுகை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். உதடு நீலம் பாரித்துவிட்டது.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். செல்விக்குக் காலை ஷிப்ட் என்பதால், கம்பெனியில் விடுப்பு சொல்லிவிட்டு நான்தான் பெஞ்சில் உட்கார வேண்டும். வகுப்பறைக் கதவு ஒரு கையகலம் திறந்திருக்கும். அந்த இடைவெளியில் என் இடது கால் ஷூ தெரிய வேண்டும். முகம் தேவையில்லை, ஷூ போதும். சில நிமிடத்துக்கு ஒருமுறை அவள் தலை திரும்பும், ஷூவைப் பார்க்கும், மறுபடி நோட்டுக்குப் போகும். நான் கால் மாற்றிப் போட்டால் ஒன்றாம் வகுப்பே நின்றுபோகும்.

இத்தனைக்கும் அந்த வகுப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் வருகைப் பதிவேட்டின் இருபத்திரண்டு பெயர்களையும் ஆசிரியை லிண்டரின் குரலிலேயே வரிசையாகச் சொல்வாள். பதினேழாவது பெயர் வரும்போது மட்டும் ஒரு நொடி நிறுத்தி, "கயல்" என்பாள். அப்புறம் "ஹியர்", அதாவது உள்ளேன், என்று அவளே பதில் சொல்வாள்.

தலைமையாசிரியை நியாயமானவர். நியாயமானவர்களோடு சண்டை போட முடியாது என்பதுதான் இந்த நாட்டில் எனக்குள்ள நிரந்தரக் குறை. "கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் அவள் இரண்டு மணி நேரமாவது நீங்கள் இல்லாமல் வகுப்பில் இருக்கப் பழக வேண்டும். முடியாவிட்டால் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சிறப்புப் பள்ளி இருக்கிறது. காலையில் வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும்" என்றார். ஒரு ஷூவைப் பிரிய முடியாத பிள்ளையை, முன்பின் தெரியாத டிரைவரோடு நாற்பது கிலோமீட்டர்.

வகுப்பில் கயலுக்கென்று ஒரு துணையாளைப் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கான அரசு அலுவலகத்தில் விண்ணப்பித்தோம். என் கடைசிப் பெயர் என் அப்பாவின் பெயர், கயலின் கடைசிப் பெயர் என் பெயர், செல்வியின் கடைசிப் பெயர் அவள் அப்பாவின் பெயர். மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். நாங்கள் ஒரே குடும்பம்தானா என்று சான்று கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுப்பினோம். அந்தச் சான்றை மொழிபெயர்த்தவர் அங்கீகாரம் பெற்றவர்தானா என்று அடுத்த கடிதம் வந்தது.

என் ஜெர்மனையும் சொல்லிவிட வேண்டும். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஆப்செட் மிஷின்களை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த நான், அந்த மிஷின்களின் கையேட்டைப் படித்து ஜெர்மன் கற்றவன். ரோலர், மை, பழுது எல்லாவற்றுக்கும் சொல் தெரியும். ஏக்கம், பயம், பிரிவுக்குத் தெரியாது. நான் போனால் கயலுக்கு என்ன ஆகிறது என்று லிண்டர் கேட்டபோது, "முன்னறிவிப்பின்றி இணைப்பைத் துண்டித்தால் முழு அமைப்பும் பூட்டிக்கொள்ளும். மறுபடி ஓட இருபது நிமிடம் ஆகும்" என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, எந்தப் பெற்றோரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை என்றார்.

3

சிவகாசிப் பக்கம் தாயில்பட்டியில் என் அக்கா மாரீஸ்வரி இருக்கிறாள். இருபத்தெட்டு வருடமாகப் பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது, வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் அவளுக்குச் சாயங்காலம், எனக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், அதுதான் எங்கள் பேச்சு நேரம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது.

"என்னலே, இன்னும் அந்தப் பெஞ்சுலதான் இருக்கியா?"

"இருக்கேன்."

"ஒனக்கு அங்கன சம்பளம் குடுக்கது மிஷினுக்கா, பெஞ்சுக்கா? சீக்கிரம் சொல்லுலே, சீசன் நேரம், ஒக்காந்து கத பேச முடியாது."

ஷூ விஷயத்தைச் சொன்னேன். அக்கா சிரித்தாள்.

"கோட்டிக்காரப் பயலே! அது ஒன் மூஞ்சியவா பாக்கு? ஷூவத்தான பாக்கு? ஷூவ அங்கன கழட்டிப் போட்டுட்டு நைசா வெளிய வந்துரு. நான் சேலையப் போட்டுட்டுப் போகல?"

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனி வேன் விடியும்போதே வந்துவிடும். வேலைக்குப் போகிற தாய் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் வாங்கிக் காக்காவைக் காட்டுவாள். காக்காவைப் பார்த்துத் திரும்புவதற்குள் தாய் இருக்க மாட்டாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தால் முந்தின நாள் உடுத்திய சேலையைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளை வாசனை பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் தூங்கும். எங்கள் அம்மா அப்படித்தான் போனாள், அக்காவும் தன் மகன் கண்ணனை அப்படித்தான் விட்டுப்போனாள். ஐந்து வயது வரை நான் அம்மா என்றால் ஒரு சின்னாளப்பட்டிச் சேலை என்று நினைத்திருந்தேன் என்றால் அது மிகை. ரொம்ப மிகையில்லை.

ஆகவே அக்கா சொன்ன யோசனை எனக்குப் புதிதாகப் படவில்லை. மறந்துபோன குடும்பத் தொழில்நுட்பத்தை யாரோ ஞாபகப்படுத்தியது போல இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பையில் இன்னொரு ஜோடி ஷூவோடு போனேன். லிண்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது தந்திரம் ஆகாது. எட்டரை மணிக்கு இடது ஷூவை மெதுவாகக் கழற்றி, கதவிடைவெளியில் அதே கோணத்தில் வைத்தேன். வலது ஷூவையும் பக்கத்தில் வைத்தேன். வெறும் காலுறையோடு நடைவழி முழுக்க நுனிக்காலில் நடந்து பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். அன்று எனக்கிருந்த பெருமையை எப்படிச் சொல்ல? இத்தனை நிபுணர்கள், இத்தனை படிவங்கள், கடைசியில் தாயில்பட்டி ஜெயித்துவிட்டது.

நாற்பது நிமிடம் கழித்துப் போன் வந்தது.

நடந்ததை லிண்டர் பிறகு சொன்னார். கயல் பலமுறை ஷூவைப் பார்த்திருக்கிறாள். ஷூ அசையவே இல்லை. அது அவளுக்குச் சரியாகப் படவில்லை போல. எழுந்து வந்து, குனிந்து, ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறாள். லிண்டர் கரும்பலகையிலிருந்து திரும்பியபோது நடைவழியில் ஒரு ஷூதான் இருந்தது.

வகுப்பறையில் போடும் கம்பளிச் செருப்போடு, கோட்டில்லாமல், என் ஷூவை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் டிராம் பாதையில் நின்றாள். டிராம் அவளுக்கு முன்னால் நின்றது. ஓட்டுநர் கீழே இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. ஷூவை என் காலுக்கு முன்னால் தரையில் நேராக வைத்தாள். காத்திருந்தாள். போட்டிருந்ததைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டேன்.

4

"ஷூவ வச்சா ஏமாத்துனீக? ஏழு வயசுப் பிள்ளைய?" என்றாள் செல்வி.

"அக்காதான்…"

"அக்கா சொன்னாக. நீங்க செஞ்சீக. டிராம் நின்னுச்சு. நிக்கலைன்னா நான் போயி அக்காகிட்டயா கேப்பேன்?"

எனக்குப் பிடித்த பழைய இலக்கியங்களில் தலைவன் பொருள் தேடப் பிரிந்து போவான், தலைவி பசலை படர்ந்து கிடப்பாள், படிக்கிற நமக்குச் சுகமாக இருக்கும். பிரிந்து போகிறவன் பின்வாசல் வழியாகக் காலுறையோடு போனான் என்று எந்தப் பாட்டிலும் வாசித்ததாக ஞாபகமில்லை.

மறுநாள் தலைமையாசிரியையின் அறையில் சிறப்புப் பள்ளியின் படிவம் மேஜைமேல் தயாராக இருந்தது. இனிமேல் நடைவழியில் பெற்றோர் உட்காரக் கூடாது, பொறுப்பு யாருடையது என்று தெரியாமல் போகிறது என்றார். நியாயம். நான் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது லிண்டர் கேட்டார்: "காலையில் வேலைக்குப் போகும்போது கயலிடம் எப்படி விடைபெறுவீர்கள்?"

எனக்குக் கேள்வி புரிந்தது. நடப்பதைச் சொன்னேன். பள்ளி இல்லாத நாட்களில், பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்ததும், அவள் குளிக்கும்போது நான் கிளம்பிவிடுவேன். செல்வி அவள் எழுவதற்கு முன்பே போய்விடுவாள். கடைக்குப் போகிறவர், மாடிக்குப் போகிறவர், ஊருக்குப் போகிறவர் யாரும் எங்கள் வீட்டில் அவளிடம் சொல்லிக்கொண்டு போனதில்லை. சொன்னால் அழுவாள் என்பது எங்கள் கணக்கு.

"அப்படியானால் அவள் வாழ்க்கையில் யாரும் போவதில்லை. திடீரென்று இல்லாமல் போகிறார்கள்" என்றார் லிண்டர். "அவள் உங்கள் ஷூவைக் காவல் காத்ததை நான் நோயின் அறிகுறி என்று நினைத்தேன். அது புத்திசாலித்தனம்."

இருபத்திரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த அம்மாள் தலைமையாசிரியையிடம் எங்களுக்காகக் கெடு கேட்டார். படிவம் கிறிஸ்துமஸ் வரை மேஜை இழுப்பறைக்குள் போனது.

5

லிண்டரின் திட்டம் எளிமையானது. ஓர் அட்டையில் நான் திரும்பி வரும் நேரத்தைக் கடிகாரப் படமாக வரைந்து கயல் கையில் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவள் ஜன்னலில் பார்க்கும்படி முன்வாசல் வழியாக நடந்து போக வேண்டும். சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும். முதல் நாள் இரண்டு நிமிடம்; மற்ற நேரம் நான் வகுப்புக்குள்ளேயே பின்வரிசையில் இருக்கலாம்.

இரண்டு நிமிடத்துக்கு முன்னால் நான் பதினோரு வாக்கியம் சொன்னேன். அப்பா போகலடா, இங்கனதான் இருக்கேன், அழக் கூடாது, அந்தா பாரு காக்கா… ஜெர்மானியக் காக்காவைக் கூட விடவில்லை. லிண்டர் என்னை வெளியே தள்ளாத குறை. வெளியே வந்தவன் சும்மா இருந்தேனா? குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

"அவள் அழுது முடித்துவிட்டாள். உங்கள் தலை தெரிந்ததும் மறுபடி ஆரம்பித்தாள்" என்றார் லிண்டர். "பிரிய முடியாமல் இருப்பது இங்கே இரண்டு பேர். ஒருவருக்குத்தான் அட்டை கொடுத்திருக்கிறோம்."

இரண்டு நிமிடம் ஐந்தாக ஒன்பது நாள் ஆனது. ஐந்து பத்தானபோது அவளுக்குச் சளிக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் வீட்டிலிருந்தாள். திரும்பிப் போனால் மறுபடி இரண்டு. கம்பெனியில் என் விடுப்பு தீர்ந்து, சம்பளமில்லாத விடுப்பு ஆரம்பித்தது. மேலாளர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மகளை விசாரித்தார். விசாரிப்பின் தொனி வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டு வந்தது. அந்த அரசு அலுவலகத்திலிருந்து விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தைக் காணோம் என்று கடிதம் வந்தது. அவர்கள் அனுப்பிய படிவத்தில் ஆறு பக்கம்தான் இருந்தது. அதைச் சொல்லி எழுதினேன். ஏழாம் பக்கம் கிடைத்ததும் என் கடிதத்தைப் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

அந்த எரிச்சலோடுதான் அக்காவைக் கூப்பிட்டேன். தீபாவளி முடிந்து ஆலை மூடியிருந்தது. வீட்டில் இருந்தாள்.

"நீ சொன்னியேன்னு ஷூவப் போட்டுட்டு வந்தேன். பிள்ள டிராமுக்கு முன்னால போயி நின்னுருச்சு" என்றேன். அதுவரை அவளிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீ ஏன்க்கா கண்ணன்கிட்ட ஒரு நாளாவது சொல்லிட்டுப் போகல? அம்மா ஏன் நம்மகிட்ட சொல்லல? சொன்னா என்ன கொறஞ்சா போகும்?"

"எனக்கே பாடம் நடத்துறியாலே?" குரல் ஏறியது. "சொன்னா அவன் அழுவான். அந்த அழுகைய காதுல வாங்கிட்டுப் போயி மருந்துல கை வச்சா கை நெதானமா இருக்குமா? கை ஒதறுனா அங்கன என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாது? எங்கூட இருந்தவள்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாது? அழுகைய கேக்காமப் போனாத்தாம்லே முழுசா வீட்டுக்கு வர முடியும்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஒனக்கு என்ன கேடு? நீ என்ன மருந்தா இடிக்கப் போற? பிள்ள அழுதா அழுகட்டும். காதுல வாங்கிட்டே போ. சாகவா போற?"

"சரி."

"என்ன சரி? அம்புட்டுப் படிச்சிருக்க, எதுக்கு எது செய்யணும்னு தெரியல. நான் ஏதோ சீசன் அவசரத்துல சொன்னேன், நீ அத வேதவாக்கா எடுத்துட்ட." குரல் இறங்கியது. "கண்ணன் தீபாவளிக்குத் திருப்பூர்ல இருந்து வந்தான். நாலு நாள் இருந்தான். அஞ்சாம் நாள் எந்திரிச்சுப் பாக்கேன், கட்டில்ல போர்வ மடிச்சிருக்கு, ஆளைக் காணோம். எப்பவும் அப்படித்தான். ஒரு வார்த்த சொல்ல மாட்டான்."

"நீ கேக்க வேண்டியதுதான?"

"எந்த வாய வச்சுலே கேக்க?"

போனை வைத்துவிட்டாள். அதையும் சொல்லாமல்தான் வைத்தாள்.

6

அடுத்த நாள் ஒரே வாக்கியம் சொன்னேன். கயல் கத்தினாள். முன்வாசல் வழியாக, அந்தக் கத்தலைக் காதில் வாங்கிக்கொண்டு நடந்தேன். என் கை நடுங்கியது. நடுங்கினால் இங்கே எதுவும் வெடிக்காது. குப்பைத்தொட்டிகளைத் தாண்டி, நிற்காமல் தெருமுனை வரை போனேன். அதற்கப்புறம் பதினைந்து நிமிடம், இருபது, முக்கால் மணி. நடுவே இரண்டு நாள் முழுத் தோல்வி. அதை விரிவாக எழுத விருப்பமில்லை.

விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை தானே வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார். இரண்டு மணி நேரம். அதில் முடிவாகிவிடும். எட்டு மணிக்குக் கயல் கையில் அட்டையைக் கொடுத்தேன். "பத்து மணிக்கு வருவேன்" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. அட்டையைப் பார்த்தாள். நான் போனேன்.

பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ரொட்டிக்கடையில் மூன்று காபி குடித்தேன். ஒன்பது ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது. அந்த அலுவலகம். இரண்டு மாதமாக நான் கூப்பிட்டு எடுக்காதவர்கள், அவர்களாகக் கூப்பிடுகிறார்கள். ஏழாம் பக்கம் கிடைத்துவிட்டதாம், வேறு யாருடைய கோப்பிலோ இருந்ததாம். அதில் என் குடும்பப் பெயரை மட்டும் உறுதி செய்ய வேண்டுமாம். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார்கள். என் அப்பா பெயர் வேலுச்சாமிப்பாண்டியன். பாதியில் அந்த அம்மாள் "கொஞ்சம் மெதுவாக" என்றார். மணியைப் பார்த்தேன். போனை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஓர் அரசு அலுவலகத்தின் அழைப்பை நான் துண்டித்தது அதுதான் முதல் தடவை.

வகுப்பறைக் கதவு முழுதாகத் திறந்திருந்தது. கயல் நிலைப்படிக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள். கம்பளிச் செருப்பின் நுனி நிலைப்படிக் கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது, தாண்டவில்லை. கன்னத்தில் அழுத தடம் காய்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால் லிண்டர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும் என்று தயாராக இருந்த கைகள் அவை. நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

"மூணு நிமிசம்" என்றாள் கயல். தமிழில்.

தலைமையாசிரியை பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். தன் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஆமாம். பத்து மூன்று. நானும் அப்படித்தான் குறித்திருக்கிறேன்" என்றார். "முதல் நாற்பது நிமிடம் அழுதாள். அப்புறம் வாசித்தாள். பத்து மணிக்கு வந்து இங்கே நின்றாள். நீங்கள் வரவில்லை. ஆனாலும் நின்றாள்." நோட்டை மூடினார். இன்றைக்கு இது போதும், வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், ஈஸ்டர் வரை இங்கேயே பார்க்கலாம் என்றார். ஈஸ்டருக்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கக் குனிந்தேன். கயல் என் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையை என் கையில் திணித்தாள்.

"பத்துன்னா பத்து" என்றாள். செல்வி என்னைத் திட்டுகிற அதே தொனி. அப்புறம் கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் முன்வாசலைப் பார்த்து நடந்தாள்.